ஒருவரும் கேட்காமல் நாங்கள் திறந்து வைத்தவை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஒற்றெழுத்து எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். போதாததற்கு மறதியும் வந்துவிட்டது. பின்னால் நடந்ததை முன்னால் எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து கதைக்கச் சொன்னீர்கள். பத்துப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதித் தருகிறேன்.

உங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுக்கும் கணினிகளில் வலையமைப்புச் சேவைகளை முதலிலேயே நிறுத்தி வைத்துக் கொடுப்பதா, அல்லது எல்லாம் ஓடும்படி கொடுத்து வாடிக்கையாளரை நிம்மதியாக விடுவதா என்று. என்னைக் கேட்டால் நிறுத்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் சந்தேகக்காரி. வெளிக்கிடும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். கடைக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிற ஆள். அப்படிப்பட்ட நானே ஒருமுறை சந்தேகத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், ஒரு பிள்ளையின் தலையில் கொண்டுபோய் வைத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் எங்கள் கணினி நிறுவனத்தின் கந்தோரைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போட வந்தவள். கணினிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்த என்னை லினக்ஸ் போடுகிற வேலைக்கு இழுத்தவர் அங்கே இருந்த தொழில்நுட்பக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் வேலை தெரிந்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை அக்கா என்பார். இரண்டு பேரில் ஆர் மூத்தது என்று கந்தோரில் பகிடி பண்ணுவார்கள்.

அந்த நாளில் இணைய வேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு கணினிக்கு எல்லாவற்றையும் புதிதாகப் போட அரை நாள் போய்விடும். இடையில் கரண்ட் நின்றால் மறுபடி முதலில் இருந்து. அதனால் அண்ணை ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார். இணுவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கணினி அறைக்கென்று ஒரு கணினியை வடிவாகத் தயார் செய்திருந்தார். தமிழ் எழுத்து, அச்சு எடுப்பது, ஆசிரியர் தன் மேசையில் வைக்கும் பாடத்தைப் பிள்ளைகள் தங்கள் மேசையில் இருந்தே திறப்பது, எல்லாம் அதில் இருந்தன. அதற்குத் தாய் டிஸ்க் என்று பெயர். பிறகு மருந்துக்கடை, சங்கம், மடம், யார் கணினி வாங்கினாலும் அந்தத் தாய் டிஸ்க்கில் இருந்து ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். பிரதி எடுப்பது என் வேலை. எடுத்து முடிந்ததும் தமிழ் அடிபடுகிறதா, அச்சு வருகிறதா என்று பார்ப்பேன். துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பேன். அதற்கு மேல் உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் நான் கேட்டேன். அண்ணை இரண்டு ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் ஒரு கட்டளையை அடித்தார். திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. வெளியில் இருந்து யாராவது கூப்பிடுவார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும் சேவைகள் அவை என்றார்.

“உவையள் எல்லாரும் ஆர் அண்ணை?”

“ஒண்டு பிரிண்டருக்கு. ஒண்டு நாங்கள் கந்தோரிலை இருந்தே உள்ளுக்குப் போய்ப் பார்க்க. இது சம்பா.”

“அரிசியோ?”

“அரிசி இல்லை அக்கா, பைலைப் பகிருறது. பள்ளிக்கூடத்துக்கெண்டு போட்டது.”

“இந்தக் கொம்பியூட்டர் மருந்துக்கடைக்கெல்லோ போகுது. அவையள் சம்பா கேட்டவையோ?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. கிடந்திட்டுப் போகட்டும். பூட்டிக் குடுத்தா நாளைக்கு அது வேலை செய்யேல்லை, இது வேலை செய்யேல்லை எண்டு போன் வரும். திறந்து கிடந்தா ஒரு கரைச்சலும் இல்லை.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயர் தெரியாத ஆட்கள் நாலைந்து பேர் வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள், வீட்டுக்காரருக்கே அது தெரியாது என்பது போல இருந்தது. ஆனால் அண்ணை படித்தவர். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த பிரதியை எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிரதிகள் எடுத்தேன்.

அவற்றில் ஒன்று நல்லூரில் ரியூட்டரி என்கிற தனியார் கல்வி நிலையம் ஒன்றுக்குப் போனது. நடத்துபவர் கணிதம் படிப்பிப்பவர், எல்லாரும் அவரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வினாத்தாள்களைத் தட்டச்சு செய்பவள் குருநகரில் இருந்து வரும் ஜெசிந்தா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தகப்பன் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவளுடைய உழைப்பில்தான் வீடு ஓடியது. கணினியைக் கொண்டுபோய் வைத்த அன்று அவள் திரையைப் பார்த்து, “ஆ, ‘பாடங்கள்’ எண்டு ஒரு கோப்புறை ஏற்கெனவே இருக்குது. நல்லதாப் போச்சு” என்றாள். அது பள்ளிக்கூடத்துக்காக அண்ணை செய்த கோப்புறை. கல்வி நிலையத்தில் பாடங்கள் என்று ஒரு கோப்புறை இருந்தால் ஒரு பிள்ளை வினாத்தாள்களை வேறு எங்கே வைப்பாள்? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, மாதிரிப் பரீட்சை நடக்கிற கிழமையில், சேர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணை ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தார்.

“தம்பி, உடன வாங்கோ. ஆர், எப்ப பென்டிரைவ் போட்டது எண்டு உந்தக் கொம்பியூட்டரிலை பார்க்கேலுமோ?”

“ஏலும் சேர். என்ன விசயம்?”

“வந்தாப்போல சொல்லுறன். அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.”

அண்ணையும் நானும் ஆட்டோவில் போனோம். வினாத்தாள் வெளியே போயிருக்கிறது என்பது வழியிலேயே விளங்கிவிட்டது. “பெடிச்சி அப்பிடிப்பட்ட பிள்ளை மாதிரித் தெரியேல்லை” என்றார் அண்ணை. “ஆளைப் பார்த்து என்ன தெரியும்?” என்றேன் நான். என் வாயில் இருந்து வந்த சொல் அது.

அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றவர் நாங்கள் போவதற்குள் பொறுமை இழந்துவிட்டார். அலுவலக அறையில் ஜெசிந்தா அலுமாரியோடு ஒட்டி நின்றாள். சேர் ஒரு மாணவனிடம் பறித்த போனைக் காட்டினார். சனிக்கிழமை நடக்க வேண்டிய இரசாயனவியல் தாள் அதில் கிடந்தது.

“இண்டைக்குக் காலமைதான் அடிச்ச தாள். மத்தியானத்துக்கு முதல் பிள்ளையளின்ரை கையிலை. படம் பிடிச்சதும் இல்லை, முழுத் தாளும் பைலாவே கிடக்குது. இந்த அறைக்குள்ளை இவவும் நானும்தான். நான் குடுக்கேல்லை.”

“நானும் குடுக்கேல்லை சேர்” என்றாள் ஜெசிந்தா.

அண்ணை கணினிக்குள் தேடினார். முந்தின கிழமைகளில் பென்டிரைவ் பல தடவை போடப்பட்டிருந்தது. சேர் மேசையில் தட்டினார்.

“பார்த்தீங்களோ!”

“அது அச்சகத்துக்குக் குடுத்துவிடச் சொல்லி நீங்கள் தந்த பென்டிரைவ் சேர். இண்டைக்கு நான் போடவேயில்லை. அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ, இண்டைக்குப் போட்டிருக்கோ?”

“இண்டைக்கு ஒண்டும் இல்லை” என்றார் அண்ணை.

“அப்ப போனாலை அனுப்பியிருப்பா.”

ஜெசிந்தா தன் போனை எடுத்து நீட்டினாள். புதுப் போன். அதைக் கண்டதும் இதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்றுதான் என் மனம் கேட்டது. சேர் அதில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தங்கையின் பிள்ளை, கோயில் பெருநாள், தகப்பன் வலை தைப்பது. ஒரு பெண் பிள்ளையின் போனை நாலு பேர் முன்னால் இப்படிப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நானும் எட்டிப் பார்த்தேன். ஏதாவது அகப்படும் என்றே பார்த்தேன். மறைக்க மாட்டேன்.

ஒன்றும் அகப்படவில்லை. அது சேருக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

“அழிச்சிருப்பா. எனக்கு இந்தக் கதையள் வேண்டாம். நாலு மணி வகுப்புக்கு முதல் கையெழுத்து வைச்சிட்டுப் போகட்டும். இல்லாட்டி நான் அவையின்ரை கோயில் பாதரைக் கூப்பிட்டுச் சொல்லுவன். பிறகு யாழ்ப்பாணத்திலை ஒரு ரியூட்டரியும் இவவை எடுக்காது.”

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன் என்று. நாங்கள் வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னால் அதை அடித்தவள் ஜெசிந்தாதான். தட்டச்சுக்காரி அவள்தானே, அவளையே அடிக்க வைத்திருக்கிறார்.

அவள் பேனையை எடுத்தாள். அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன். மூலையில் ‘பாடங்கள்’. அதன் அடையாளப் படம், அது இருந்த இடம், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் கையால் எத்தனையோ தடவை பிரதி எடுத்த கோப்புறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் இடத்தில் இருந்தே அதைத் திறப்பார்கள். கடவுச்சொல் கேட்காது. கேட்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தது. இந்தக் கல்வி நிலையத்தின் வைஃபை கடவுச்சொல் ஆசிரியர்களுக்காகச் சுவரில் ஒட்டியிருந்தது. அதை வாசிக்காத மாணவன் நல்லூரில் இருப்பானா?

அண்ணையின் பக்கம் குனிந்து, “அண்ணை, அந்தப் பட்டியலை ஒருக்கா அடியுங்கோ” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கோப்புறையைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அடிக்கவில்லை.

“கந்தோருக்குப் போய்க் கதைப்பம் அக்கா” என்றார் மெதுவாக. “முதலாளிக்குச் சொல்லாமல் இஞ்சை வாய் திறக்கேலாது.”

அவர் கெட்டவர் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல ஆட்களுக்கும் முதலில் வருகிற யோசனை இதுதான். கணினியை எடுத்துக்கொண்டு போகலாம், சேவையை நிறுத்தலாம், நாளைக்கு ஒன்றும் இல்லை என்று கொண்டுவந்து வைக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்து மட்டும் விழுந்திருக்கும்.

எனக்குக் கதைக்க வராது என்று முதலே சொன்னேன். சேர் என்றால் எனக்கு ஐந்தாம் வகுப்புப் பயம் இன்னும் போகவில்லை. ஜெசிந்தாவின் போனில் அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். அவள் போனில் தாள் தெரிந்தால், பார் அவளிடம்தான் இருக்கிறது என்பார். எங்கள் போனில் தெரிந்தால், நாங்கள் ஏதோ செய்து காட்டுகிறோம் என்பார். அவரை நம்ப வைக்கிற போன் அந்த அறைக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“சேர், உங்கடை போனைத் தாங்கோ.”

“என்ரை போனோ? என்னத்துக்கு அம்மா?”

“ஒரு நிமிசம் சேர்.”

தந்தார். வாங்கினேன். எல்லாம் இங்கிலிசில். எங்கே அமத்துவது என்று தெரியவில்லை. திரை அணைந்து போனது. சேர் சிரித்தார். “உங்களுக்குப் போன் பார்க்கத் தெரியாதெண்டா ஏன் கேட்டனீங்கள்?”

அண்ணை எழும்பி வந்து என் கையில் இருந்து அந்தப் போனை வாங்கினார். சேரிடம் பூட்டை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி, கோப்புகள் பார்க்கும் இடத்துக்குப் போய், வலையமைப்பு என்று இருந்ததை அமத்தினார். இந்த அலுவலகக் கணினியின் பெயர் வந்தது. அதற்குள் ‘பாடங்கள்’ வந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தது மேலே நிற்கும் வரிசை. இரண்டாவதாக இரசாயனவியல் தாள் நின்றது. அதற்கு மேலே, முதலாவதாக, ஜெசிந்தாவின் விலகல் கடிதம்.

அண்ணை அதைத் திறந்து சேரிடம் நீட்டினார்.

சேர் வாசித்தார். மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“இது எப்பிடி என்ரை போனிலை...?”

“உங்கடை போனிலை மட்டுமில்லை சேர்” என்றார் அண்ணை. “வெளியிலை மரத்துக்குக் கீழை நிக்கிற பிள்ளையள் எல்லாற்றை போனிலையும் இப்ப இதைத் திறக்கலாம். இதையும் அவ குடுத்தவ எண்டு சொல்லுவீங்களோ?”

“ஆர் செய்தது உந்த வேலை?”

அண்ணை பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திவிட்டேன். எப்படி முந்தினேன் என்று எனக்கே தெரியாது. “நாங்கள்தான் சேர். பிரதி எடுத்தது நான். உங்களுக்குத் தேவையில்லாத சேவையைப் பூட்டாமல் தந்திட்டம்.”

அதற்குப் பிறகு சேர் எங்களுக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அவர் சொன்னதில் அரைவாசி நியாயம். கந்தோருக்கு வந்தால் முதலாளி இன்னொரு பக்கம். “உங்களை ஆர் அக்கா கதைக்கச் சொன்னது?” என்றார். ஒரு கிழமை என் முகம் பார்க்கவில்லை.

பிறகு நானும் அண்ணையும் தாய் டிஸ்க்கில் இருந்து போன ஒவ்வொரு கணினியாகத் தேடிப் போனோம். போகிற இடமெல்லாம் அந்தப் பட்டியலை அடித்து, ஒவ்வொரு வரியையும் காட்டி, “இது உங்களுக்குத் தேவையோ?” என்று கேட்போம். வேண்டாம் என்றால் நிறுத்துவோம். என்னவென்று தெரியாது என்றாலும் நிறுத்துவோம். அண்ணை முன்பு சொன்னதும் பொய்யில்லை. போன் வந்தது. மருந்துக்கடையில் அடுத்த அறையில் இருந்து அச்சு எடுக்க முடியவில்லை. கீரிமலையில் ஒரு மடத்தில் நான் சந்தேகம் முற்றிப் போய், நாங்கள் தூரத்தில் இருந்து உள்ளே போகிற வழியையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். அங்கே ஒரு பழுது வந்தபோது கந்தோரில் இருந்து ஒன்றும் செய்ய முடியாமல், மழைக்குள் மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் போனோம். வழி முழுக்க அண்ணை என்னைத் திட்டினார். நான் பின்னால் இருந்து, மழையில் கேட்காத மாதிரி இருந்தேன்.

ஆக, பூட்டினால் கரைச்சல் வரும். வரட்டும். பூட்டியதால் வருகிற கரைச்சல் மணியடித்துக்கொண்டு வரும். எனக்கு இது வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்து கேட்பார். நீங்கள் அதை மட்டும் திறந்து கொடுக்கலாம். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்று எழுதியும் வைக்கலாம். திறந்து விட்டதால் வருகிற கரைச்சல் உங்களுக்குப் போன் எடுக்காது. அது வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

வலையமைப்புக்கு முன்னால் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறோம், உள்ளே எது ஓடினால் என்ன என்று உங்களில் சிலர் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். அந்தக் கல்வி நிலையத்திலும் வெளியில் இருந்து ஒருவரும் வர முடியாதபடி தடுப்பு இருந்தது. தாளை எடுத்தவர்கள் வெளியில் இருந்து வரவில்லையே. தினமும் உள்ளே வந்து வகுப்பு வாங்கில் இருந்து படித்தவர்கள். தடுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பிக்கொண்டு மற்றதைத் திறந்து விடாதீர்கள். விசயம் தெரிந்தவர் தனக்கு வேண்டியதைத் தானே திறந்துகொள்வார். தெரியாத ஆளுக்கு, மூட வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. எங்களிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வகை. ஜெசிந்தா அந்த வகை. நானும் அந்த வகைதான்.

அன்று கல்வி நிலைய வாசலில் நடந்ததை இன்னும் எழுதவில்லை. தள்ளித் தள்ளி வைத்தேன், வெட்கத்தில்.

சேர் ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. “சரி, நாளைக்கு வழமை போல வா” என்றார், அவ்வளவுதான். அவள் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். “அது ஏன் உனக்கு?” என்று சேர் கேட்டார். “நான் அடிச்சதுதானே சேர்” என்றாள்.

அண்ணை ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதற்கு என்ன சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீங்களும் என்னைத்தான் நினைச்சனீங்கள், என்ன?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பிள்ளைகளே, நான் எழுதியதை யாராவது ஒருக்காச் சரிபாருங்கள். கட்டளையின் எழுத்துகளை நான் மாற்றி நினைத்திருக்கலாம். இப்போது வருகிற லினக்ஸ்களில் எது தானாக ஓடுகிறது, எது ஓடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியாது. நீங்களே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஜெசிந்தா இப்போது வேறொரு இடத்தில் வேலை செய்கிறாள், அவளிடமும் கேளுங்கள். தாள் எந்தப் பாடம், கடிதத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். இன்னொன்றையும் கேட்டுச் சொல்லுங்கள். அவள் அப்படிக் கேட்டபோது நான் “ஓம்” என்று சொல்லி ஒத்துக்கொண்டதாகத்தான் இவ்வளவு காலமும் எனக்கு நினைப்பு. எழுத உட்கார்ந்த பிறகு அது நிச்சயமில்லை. ஆட்டோ வந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லாமல் ஏறியிருக்கவும் கூடும். நான் வாய் திறந்தேனா இல்லையா என்று அவளிடம் கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ, அதை இந்தக் கொப்பியில் என் எழுத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.